இந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஏறுமா? வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் பார்க்க வேண்டியவை

தஞ்சாவூரில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இதில் விண்டோஸ் 11 ஏறமாட்டேன் என்கிறது, வேறு ஏதாவது போட்டுத் தர முடியுமா?" விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2016-இல் வாங்கிய நல்ல மடிக்கணினிகள் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, எட்டு ஜி.பி. ராம் இருக்கிறது. குப்பையில் போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன்.

பெரும்பாலான இயந்திரங்களில் அது ஒரு பிற்பகல் வேலை. சிலவற்றில் மட்டும், தயாரித்த நிறுவனமே குறுக்கே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், உள்ளே எது ஓடலாம் என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. நிறுவனம் பாதுகாப்புக்காகப் பூட்டு வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியை மட்டும் வாங்கியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இப்போதைக்கு அது நிறுவனத்துக்கு நிறுவனம், மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. ஆகவே கடையில் பணம் எண்ணும் முன்பே பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எப்படிப் பார்ப்பது, பிறகு எப்படி நிறுவுவது என்பதை எழுதுகிறேன்.

அந்தப் பூட்டு எது?

பெயர் செக்யூர் பூட். கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர். பழக்கத்தில் எல்லோரும் அதைப் பயாஸ் என்றே சொல்கிறோம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், அடுத்து ஏறப்போகிற நிரலில் தனக்குத் தெரிந்த கையொப்பம் இருக்கிறதா என்று ஃபர்ம்வேர் பார்க்கும், இல்லையென்றால் ஏற்றாது. இயங்குதளம் எழும் முன்பே புகுந்துகொள்ளும் தீநிரல்களைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருடைய கையொப்பத்தை நம்புவது என்ற பட்டியல் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டு வருகிறது. அதில் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருப்பது மைக்ரோசாஃப்டின் சாவி.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு விதி வகுத்தது. விண்டோஸ் முத்திரையோடு விற்கும் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி உரிமையாளருக்கு இருக்க வேண்டும். அவர் விரும்பினால் தன் சாவியைச் சேர்த்துக்கொள்ளவும் முடிய வேண்டும். கூடவே இன்னொரு விதி: கைப்பேசிகளில் இருப்பது போன்ற ஏ.ஆர்.எம். செயலியில் ஓடும் விண்டோஸ் கருவிகளில் அணைக்கும் வசதி இருக்கவே கூடாது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ஆர்.டி. டேப்லெட் இந்த இரண்டாம் விதியில் பிறந்தது. அதில் ஓடிய விண்டோஸ் ஆர்.டி. விரைவிலேயே கைவிடப்பட்டது. அந்தத் தட்டையான அழகான கருவியில் வேறொன்றை ஏற்றிப் பிழைக்க வைக்க நேர்வழி எதுவும் விடப்படவில்லை.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது முதல் விதியையும் தளர்த்தினார்கள். அணைக்கும் வசதியைக் கொடுப்பதும் கொடுக்காததும் தயாரிப்பாளர் விருப்பம் என்றாகிவிட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் கொடுக்கின்றன. ஆனால் விருப்பத்தில் விடப்பட்ட எதையும் நம்பிப் பணம் கொடுக்க நான் தயாரில்லை. கண்ணால் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் போட செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்பதும் பழைய கதை. லினக்ஸின் வகைகளான உபுண்டு, ஃபெடோரா, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவை 'ஷிம்' என்ற சிறு நிரலோடு வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருக்கிறது. ஃபர்ம்வேர் அதை நம்புகிறது, அது லினக்ஸை ஏற்றுகிறது. போட்டியாளரிடம் கையொப்பம் வாங்கித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கலாம். நடைமுறையில் வேலை நடக்கிறது.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

புதிய மடிக்கணினி வாங்கப் போகிறீர்கள் என்றால், காட்சிக்கு வைத்த இயந்திரத்தில் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயக்கும் பொத்தானை அழுத்தியவுடன் உரிய விசையை விடாமல் தட்ட வேண்டும். டெல், ஏசர், ஏசஸ் என்றால் எஃப்2. ஹெச்.பி. என்றால் எஃப்10. லெனோவாவில் ஐடியாபேட் வரிசைக்கு எஃப்2, திங்க்பேட் வரிசைக்கு எஃப்1. சில லெனோவா மாதிரிகளில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதைக் குத்தினாலும் பட்டியல் வரும். விசை பிடிபடவில்லையா? விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் என்பதைச் சொடுக்குங்கள். நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்.

விற்பனையாளர் தயங்குவார். "பயாஸுக்குள் போனால் வாரன்டி போய்விடும் சார்" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்து, எதையும் சேமிக்காமல் வெளியே வந்தால் எதுவும் போகாது. தயாரிப்பு நிறுவனங்களின் கையேடுகளே அங்கே போகச் சொல்லித்தான் பாடம் நடத்துகின்றன.

உள்ளே போனதும் முதலில் 'செக்யூரிட்டி' அல்லது 'பூட்' பக்கத்தில் செக்யூர் பூட் என்ற வரியைத் தேடுங்கள். அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஏசர் இயந்திரங்கள் பலவற்றில் முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் அந்த வரி உயிர்பெறும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் எங்காவது எழுதி வையுங்கள். மறந்துபோன பயாஸ் பாஸ்வேர்டோடு வருகிற வாடிக்கையாளரிடம் நான் வாங்கும் கூலி, அவருக்கும் கசக்கும், எனக்கும் கசக்கும்.

அதே பக்கத்தில், அண்மைக்கால மாதிரிகளில், 'மைக்ரோசாஃப்ட் தேர்டு பார்ட்டி சி.ஏ.' என்று ஒரு வரி இருக்கலாம். 2022 முதல் சில உயர்பாதுகாப்பு வணிக மாதிரிகள் விண்டோஸின் கையொப்பத்தை மட்டும் நம்பி, ஷிம்முக்கான கையொப்பத்தை அணைத்த நிலையில் வருகின்றன. லெனோவாவின் திங்க்பேட் இசட்13 இப்படித்தான் வந்தது. அதைச் சுட்டிக்காட்டி லினக்ஸ் வட்டாரத்தில் பெரிய சச்சரவே நடந்தது. அந்த வரியை இயக்கிவிட்டால் போதும், செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. அந்த வரியும் இல்லை, அணைக்கும் வசதியும் இல்லை என்றால் அந்த மாதிரியை வாங்க வேண்டாம்.

அடுத்தது சேமிப்பகம், அதாவது வட்டோடு கணினி பேசும் முறை. 'ஸ்டோரேஜ்' அல்லது 'சாட்டா மோடு' என்ற இடத்தில் ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருந்தால் நிம்மதி. ரெய்டு, ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்று இருந்தால், அதை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடியாத இயந்திரத்தில் லினக்ஸை நிறுவும் நிரல் எஸ்.எஸ்.டி.-யையே காணாமல் விழிக்கக்கூடும். 2016-இல் லெனோவாவின் யோகா 900 வரிசையில் இதுதான் நடந்தது. ரெய்டு நிலையை மாற்றும் வரியே பயாஸில் இல்லை. லினக்ஸ் பயனர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் அந்நிறுவனம் தனியாக ஒரு பயாஸ் வெளியிட்டது. யாரும் வேண்டுமென்று பூட்டவில்லை என்றார்கள். வேண்டுமென்று பூட்டினாலும் யோசிக்காமல் பூட்டினாலும், வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் அந்த மாதிரியின் கையேட்டை இறக்கி, 'செக்யூர் பூட்' என்ற சொல்லைத் தேடலாம். வணிக வரிசைகளான திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ஆகியவற்றுக்கு நல்ல கையேடுகள் கிடைக்கும். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல், தான் சோதித்துச் சான்று தந்த மாதிரிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் ஊரில் 'டாஸ் லேப்டாப்' என்று விற்கிறார்களே, ஃப்ரீடாஸ் போட்டோ உபுண்டு போட்டோ வருவது, அது கிடைத்தால் இன்னும் நல்லது. விண்டோஸ் உரிமத்துக்கான பணம் விலையில் இருக்காது. அதை வாங்கி, பக்கத்துக் கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு போகிற பழக்கத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

திறக்காத கதவுகள்

ஆப்பிளைப் பற்றிக் கேட்பார்கள். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு மேக்புக் ஏர் வந்தது. அதில் ஆப்பிள் அல்லாத இயங்குதளத்தை ஏற்ற ஆப்பிளே ஒரு வழி விட்டிருக்கிறது. உரிமையாளர் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பாதுகாப்பு நிலையைத் தளர்த்திக்கொள்ளலாம். அந்த வழியாகத்தான் அசாஹி லினக்ஸ் எம்1, எம்2 மேக்குகளில் ஓடுகிறது. வன்பொருள் விவரங்களை ஆப்பிள் கொடுக்கவில்லை. தன்னார்வலர்கள் தோண்டித் துருவிக் கண்டுபிடித்தார்கள். இப்போது, 2021-இல் வந்த ஐபேட் ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அதே எம்1. அதில் எந்த வழியும் கிடையாது. சிப் ஒன்று, நிறுவனம் ஒன்று. பெட்டியின் வடிவம் மட்டும் வேறு. 'பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம்' என்ற வாதத்தை யாராவது என்னிடம் எடுத்தால், இந்த இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். மேக்புக்கில் பாதுகாப்புக் கெடாமல் கொடுக்க முடிந்ததை ஐபேடில் ஏன் கொடுக்க முடியாது?

கூகுளின் குரோம்புக்கில் டெவலப்பர் மோடு உண்டு. ஆனால் அதை இயக்கினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், ஃபர்ம்வேரை மாற்றி எழுத விடாத தடையை நீக்குவது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பழகியவர்களுக்கு மட்டும். 2024-இல் வந்த ஸ்நாப்டிராகன் எக்ஸ் மடிக்கணினிகளில் சிக்கல் பூட்டில் இல்லை, வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களில். லினக்ஸுக்காக என்று இன்றைக்கு அவற்றை வாங்க வேண்டாம்.

மலிவு விலையில் வந்த இன்டெல் ஆட்டம் மடிக்கணினிகள் இன்னொரு வகைத் தலைவலி. 32 ஜி.பி. சேமிப்பகம், 2 ஜி.பி. ராம், பென் டிரைவ் போட்டால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. செயலி 64 பிட், ஆனால் ஃபர்ம்வேர் 32 பிட். அதனால் சாதாரண லினக்ஸ் வட்டுப்படிமம் (நிறுவுவதற்கான கோப்பு) தொடங்குவதே இல்லை. டெபியன் இதற்கான தொடக்க நிரலையும் சேர்த்தே தருகிறது. அதில் முயன்று பாருங்கள்.

கொடுத்ததைப் பின்னால் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 3, 2006-இல் வந்தபோது லினக்ஸ் நிறுவ ஒரு வசதியோடு வந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களை இணைத்து ஒரு மீகணினியே கட்டியது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி வந்த 3.21 மேம்படுத்தலில் சோனி அந்த வசதியை நீக்கிவிட்டது. மேம்படுத்தாவிட்டால் இணைய விளையாட்டுச் சேவை கிடையாது; மேம்படுத்தினால் லினக்ஸ் கிடையாது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகள் இழுத்து, சமரசத்தில் சிறு தொகை கொடுத்து முடித்தார்கள். அதனால் லினக்ஸோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கருவிக்கு ஃபர்ம்வேர் மேம்படுத்தல் வந்தால், என்ன மாறுகிறது என்ற குறிப்பைப் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

நிறுவும் முன்

முதலில் உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். நான் லினக்ஸ் பிரசாரகன் இல்லை. டேலியில் கணக்கு எழுதுகிறவரா? அது விண்டோஸில்தான் ஓடும், விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடையா? பழைய எழுத்துருக்களையும் அவற்றுக்கான தட்டச்சு மென்பொருளையும் நம்பியிருக்கிற கோப்புகள் லினக்ஸில் கொட்டிய எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துகிறவர்கள், தங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். இவர்களுக்கெல்லாம் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வதே சரி. கீழே சொல்வதும் அந்த வழிதான்.

கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டுப் பூட்டு. இதில் நின்று நிதானமாகச் செய்யுங்கள். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கியிருந்தால், உங்களைக் கேட்காமலே வட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும், ஹோம் பதிப்பிலும்தான். அந்த நிலையில் செக்யூர் பூட்டை அணைத்தாலோ பயாஸில் வேறு எதையாவது மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனது போனதுதான். என்னாலும் எடுத்துத் தர முடியாது, வேறு யாராலும் முடியாது. போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் ஆய்வேடு உள்ளே இருக்க, அந்த நீலத் திரையோடு வந்து உட்கார்ந்தார். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதே அவருக்கு நினைவில்லை. கடையில் வாங்கிய அன்று விற்பனையாளர் அவசரத்தில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளையாகப் பழைய கைப்பேசியின் குறுஞ்செய்திகளில் அந்த முகவரி அகப்பட்டது. ஆகவே, முதலில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் மீட்பு எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்பதை அணைத்து, அது முழுவதும் விடுபடும் வரை காத்திருங்கள். வட்டின் அளவைப் பொறுத்து நேரம் பிடிக்கும்.

கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் கிடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் திறந்தால், படிக்க விடும், எழுத விடாது.

பயாஸுக்குப் புதிய பதிப்பு இருந்தால், விண்டோஸ் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. செக்யூர் பூட்டுக்காக 2011-இல் வெளியிடப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனில் முடியத் தொடங்குகிறது. இடத்தை 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் பிடிக்கின்றன. பழைய நிறுவல் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் இனி வரும் லினக்ஸ் பதிப்புகளின் ஷிம் புதிய சாவியில் கையொப்பமாகி வரும்போது, அந்தச் சாவி உங்கள் ஃபர்ம்வேரில் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, சி டிரைவை 'ஷ்ரிங்க்' செய்யுங்கள். 60 ஜி.பி. விடுவித்தால் தாராளம். வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்; அதில் புதிய டிரைவ் உருவாக்க வேண்டாம்.

சேமிப்பகம் ரெய்டு நிலையில் இருந்தால் இங்கே ஒரு கூடுதல் படி. நேரே ஏ.ஹெச்.சி.ஐ.-க்கு மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' குறியிட்டு, மறுதொடக்கம் செய்யும்போதே பயாஸுக்குள் போய் ஏ.ஹெச்.சி.ஐ. ஆக்குங்கள். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் எழுந்து புதிய டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டு வழக்கம்போல் தொடங்கலாம்.

நிறுவுதல்

முதல் முறை என்றால் நான் லினக்ஸ் மின்ட் தான் சொல்வேன். 8 ஜி.பி. ராம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜி.பி. என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோப்பு மாறவில்லை என்று காட்டும் எஸ்.ஹெச்.ஏ.256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 7-ஜிப் இருந்தால் கோப்பை வலது சொடுக்கினாலே அந்த எண் வரும். வீண் வேலை என்று நினைக்க வேண்டாம்: 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்திலேயே யாரோ புகுந்து, பின்கதவு வைத்த படிமத்துக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, இறக்கிய கோப்பை அதில் எழுத ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள், பத்து நிமிடம். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிறகு அதைச் செருகி, பூட் பட்டியலை வரவழையுங்கள்: டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்.பி.-யில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப், ஏசரில் எஃப்12, ஆனால் பயாஸில் முதலில் அதை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

மின்ட் பென் டிரைவிலிருந்தே முழுதாக எழும். நிறுவும் பொத்தானுக்குக் கை போகக் கூடாது. முதலில் வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் தூங்கி எழுகிறதா என்று பாருங்கள். மக்கர் செய்வது பெரும்பாலும் வைஃபை தான். பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து 'டெதரிங்' போட்டால் இணையம் வந்துவிடும். 'டிரைவர் மேனேஜர்' தேவையானதை இறக்கிக்கொள்ளும். அதற்கும் மசியாத வைஃபை சிப் என்றால், சில நூறு ரூபாயில் லினக்ஸுக்கு ஒத்துவரும் யு.எஸ்.பி. வைஃபை கிடைக்கிறது.

எல்லாம் திருப்தி என்றால் நிறுவத் தொடங்குங்கள். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் முதல் வரி 'விண்டோஸ் பூட் மேனேஜருடன் சேர்த்து நிறுவு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும். அதுதான் வேண்டும். அடுத்து 'எரேஸ் டிஸ்க்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸும் இல்லை, நீங்கள் எடுத்த கல்யாணப் படங்களும் இல்லை. முதல் வரி வரவில்லையென்றால், லினக்ஸ் உங்கள் விண்டோஸைக் காணவில்லை என்று பொருள். மேலே போகாமல் வெளியே வந்து, பிட்லாக்கரையும் சேமிப்பக நிலையையும் மறுபடி பாருங்கள்.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்க, என்விடியா வரைகலைச் சிப் போன்றவற்றுக்கான கூடுதல் டிரைவர்களையும் கேட்டிருந்தால், இடையில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் 'மாக் மேனேஜ்மென்ட்' என்று ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும். 'என்ரோல் மாக்', 'கண்டினியூ', 'எஸ்', பிறகு நீங்கள் வைத்த பாஸ்வேர்டு. வைரஸ் என்று பயந்து அணைத்துவிட்டு என்னிடம் ஓடி வருகிறார்கள். அது வைரஸ் இல்லை. உங்கள் இயந்திரத்தின் நம்பிக்கைப் பட்டியலில் உங்கள் கையாலேயே ஒரு சாவியைச் சேர்க்கிற தருணம் அது. இந்தக் கட்டுரை முழுவதும் நான் கேட்கிற உரிமை, அந்த அசிங்கமான நீலத் திரையில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த இயந்திரங்கள் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வந்தன. ஒரு காலத்தில் இந்தப் பட்டியலுக்காகவே வழக்கு நடந்தது. 1990-களின் இறுதியில் ஹிட்டாச்சி நிறுவனம் விண்டோஸோடு, பி என்ற நிறுவனத்தின் பி.ஓ.எஸ். இயங்குதளத்தையும் சேர்த்துக் கணினி விற்றது. ஆனால் மைக்ரோசாஃப்டோடு செய்த ஒப்பந்தத்தால், தேர்வுப் பட்டியலைக் காட்டாமல் விட்டது. உள்ளே இன்னொன்று இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. பி நிறுவனம் 2002-இல் வழக்குத் தொடுத்தது. 2003-இல் மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் பி நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது.

விண்டோஸுக்குள் திரும்பிப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மதர்போர்டு கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கட்டும் என்று லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். மின்ட் உதவிப் பக்கங்களில் தேடினால் அந்த வரி கிடைக்கும்.

தமிழ் தட்டச்சுக்கு, விசைப்பலகை அமைப்புகளில் 'தமிழ்' என்பதன் கீழ் தமிழ்99 அமைப்பு இருக்கிறது. யூனிகோட்டில் அடிக்கலாம், லிப்ரே ஆஃபீஸில் எழுத்து உடையாமல் வரும்.

வாரன்டியும் சர்வீஸ் சென்டரும்

மடிக்கணினியின் கீல் உடைந்து, வாரன்டி காலத்துக்குள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன், வாடிக்கையாளருடையது. "ஒரிஜினல் இயங்குதளம் இல்லை, அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். கீலுக்கும் இயங்குதளத்துக்கும் என்ன உறவு என்று கேட்டதற்கு, "நடைமுறை சார்" என்பதுதான் பதில். வாரன்டி அட்டையை வரிவரியாகப் படித்து, மென்பொருள் பற்றிய விலக்கு மென்பொருளுக்கு மட்டும்தான் என்று அடிக்கோடிட்டு, மின்னஞ்சலில் எழுத்து மூலம் மறுப்பைக் கேட்ட பிறகு கீல் மாறியது. வாயால் மறுக்கிறவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். நீங்களும் இதைச் செய்யுங்கள்.

அந்த வம்பே வேண்டாம் என்றால், லினக்ஸ் போடும் முன்பே விண்டோஸின் 'ரெகவரி டிரைவ்' கருவியால் இன்னொரு பென் டிரைவில் மீட்பு வட்டு செய்து, பில்லோடு சேர்த்துப் பெட்டியில் போட்டு வையுங்கள். எஸ்.எஸ்.டி.-யைக் கழற்றி மாற்ற முடிகிற மாதிரி என்றால் அதைவிட எளிய வழி உண்டு: கம்பெனி கொடுத்த எஸ்.எஸ்.டி.-யை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி அதில் லினக்ஸ் போடுங்கள். வாரன்டிக்குக் கொடுக்கும்போது பழையதைப் பொருத்தினால் பேச்சுக்கே இடமில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள், ஆர்டர் போடும் முன் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு, செக்யூர் பூட்டை உரிமையாளர் அணைக்க முடியுமா, சேமிப்பகத்தை ஏ.ஹெச்.சி.ஐ. நிலைக்கு மாற்ற முடியுமா, வேறு இயங்குதளம் நிறுவினால் வன்பொருள் வாரன்டி தொடருமா என்று கேளுங்கள். வருகிற பதிலைப் பில்லோடு சேர்த்து அச்செடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அடுத்த நிறுவனத்தின் மாதிரியைப் பாருங்கள்.